பனிப்பாறை தீண்டாத நாடு

வட அமெரிக்காவின் நடுப்பாகம் முழுவதும் இழைத்த பலகை போன்ற சமவெளி என்பதே, அந்தத் தேசத்தை ரயிலிலோ ஆகாய விமானத்திலோ கடந்து செல்கிறவர்களின் பொதுவான அபிப்பிராயம். அது பெரும்பாலும் வாஸ்தவமே. ஆதிகாலத்தில் வடக்கேயிருந்து நகர்ந்து வந்த பனிப்பாறைகள் குன்றுகளைச் சீவி, பள்ளங்களைத் தூர்த்து, தாம் அரைத்துக் கொண்டுவந்த மண்ணையும் கூழாங்கல்லையும் எங்கும் பரப்பிவிட்டு உருகிப் போயின. ஆனால் மின்னசோட்டா, விஸ்கான்சின், அயோவா, இல்லினாய் ஆகிய நான்கு மாநிலங்கள் மிஸிஸிப்பி நதியின் இரு கரைகளிலும் ஒன்றையொன்று அணுகும் இடத்தில், விசாலமான ஒரு பிரதேசத்தை மட்டும், கடைசியாக வந்த பனிப்பாறைகள் இருமருங்கிலும் ஒதுங்கிச் சென்று தீண்டாமல் விட்டுவிட்டன. பனிப்பாறை விட்டுச் செல்லும் மண்ணுக்கும் கல்லுக்கும் அங்கே ‘டிரிஃப்ட்’ என்று பெயர். அது படியாத நாடாகையால் ‘டிரிஃப்ட்லெஸ்’ என்று நிலநூலார் இதற்குப் பெயரிட்டார்கள். செங்குத்தான குன்றுகளும், அவற்றின் இடுக்குகளில் வளைந்தோடும் தெளிந்த ஆறுகளும், குன்றின் தலைமேல் வயல்களும், சரிவுகளில் ஓக், மேப்பிள், வால்நட் மரங்கள் நெருங்கிய காடுகளுமாக அந்த நாடு இன்றும் இருக்கிறது. சென்ற புரட்டாசி மாதத்தில் ஆறு நாட்கள் அதன் கப்பிச் சாலைகளில் சைக்கிளில் பிரயாணம் செய்யும் பாக்கியம் எனக்குக் கிட்டியது.

என் தமக்கையின் மகன் மின்னசோட்டாவில் ரோச்செஸ்டர் நகரத்தில் பத்து வருஷங்களாக வசிக்கிறான். தொழில் ஆஸ்பத்திரியில், ஆசை சைக்கிளில். அவன் எனக்காகத் தயார் செய்து வைத்திருந்த வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். பார்வைக்குப் பந்தய சைக்கிள் போலவே கைப்பிடி கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஆனால் பந்தய சைக்கிளின் டயர் ஒரு விரற்கனம் என்றால் இதன் டயர் நாற்பது மில்லிமீட்டருக்கு மேல் அகலம். அதில் கல்லாய் இறுகும்படி காற்றடிப்பதில்லை. சதுர அங்குலத்துக்கு முப்பத்தைந்து பவுண்டு போதும். உள்ளே டியூப் கிடையாது. பால் போன்ற ஒரு திரவத்தை ஊற்றி வைக்கிறார்கள். சிறு முள்ளோ கூர்ங்கல்லோ குத்தினால் அந்தத் திரவம் ஓட்டையில் வந்து உறைந்து தானே அடைத்துக்கொள்கிறது. மிருதுவான அந்த டயர் கப்பியின்மீது அமுங்கி அமுங்கிச் செல்லும்போது எழும் சப்தம், அரிசி புடைக்கும் சப்தத்தைப் போல இடைவிடாமல் காதில் விழுந்துகொண்டிருக்கும். இரண்டாம் நாளிலேயே, அந்தச் சப்தத்தின் மாறுதலைக் கொண்டே சாலை இறுகியிருக்கிறதா இளகியிருக்கிறதா என்று கண்ணால் பாராமலே சொல்லும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

அமெரிக்காவில் அரசாங்கம் 1785-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் செய்து, மேற்கே புதிதாகக் குடியேற்றத்துக்கு வந்த நிலங்களையெல்லாம் சதுர மைல் கட்டங்களாக அளந்து போட்டது. அதனால் சமவெளிச் சாலைகள் எல்லாம் மைலுக்கு ஒன்றாக, நூல் பிடித்தாற்போல் வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் ஓடுகின்றன. ரோச்செஸ்டரை விட்டுக் கிழக்கே பதினைந்து மைல் வரையில் நாங்களும் அப்படிப்பட்ட நேர்ச்சாலைகளிலேதான் சென்றோம். இருபுறமும் காய்ந்து சரசரக்கும் மக்காச்சோளம். அதைத் தவிர வேறொன்றுமில்லை. பிறகு திடீரென்று நிலம் கீழே இறங்கியது. அளவைக்காரரின் சங்கிலி அங்கே தோற்றுப் போனது போலும். சாலை தன் நேர்கோட்டை மறந்து, ஓடை போன வழியே வளைந்து வளைந்து இறங்கலாயிற்று. இந்த நாட்டில் சாலைகளின் பெயரே வழிகாட்டி: பெயரின் முடிவில் ‘ரிட்ஜ்’ என்று வந்தால் குன்றின் முதுகின்மேல் செல்லும் சாலை, ‘ஹாலோ’ என்றோ ‘கூலி’ என்றோ வந்தால் பள்ளத்தின் அடியில் செல்லும் சாலை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திரும்பும் மூலையில் பெயர்ப்பலகையைப் படித்தவுடனே, வரப்போவது ஏற்றமா இறக்கமா என்று தெரிந்து கியரை மாற்றிக்கொள்ளலாம்.

முதல் நாள் நாங்கள் இறங்கிய பள்ளத்தாக்கு வைட்வாட்டர் என்னும் சிற்றாற்றினுடையது. இதன் சரித்திரத்தைச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் இந்தப் பிரயாணத்தில் நான் கண்ட எல்லாவற்றுக்கும் அதுவே திறவுகோலாக அமைந்தது. 1850-களில் இங்கே வந்து குடியேறியவர்கள் பள்ளத்தின் அடிமண்ணை மட்டும் உழுதிருந்தால் ஒன்றும் நேர்ந்திராது. அவர்கள் சரிவுகளின் மரங்களை வெட்டினார்கள்; வெட்டிய இடத்தில் மாடுகளை மேயவிட்டார்கள்; மேய்ச்சல் போதாமல் சரிவையே மேலிருந்து கீழாக உழுதார்கள். ஐம்பது அறுபது வருஷங்கள் நிலம் பொறுத்துக்கொண்டது. பிறகு ஒவ்வொரு மழைக்கும் மலையே கரைந்து இறங்கத் தொடங்கியது. எல்பா என்னும் சிற்றூருக்கு வடக்கே, ஆற்றங்கரையில் பீவர் என்றொரு கிராமம் இருந்தது. 1938-ஆம் ஆண்டில் மட்டும் அந்தக் கிராமத்தை வெள்ளம் இருபத்தெட்டு முறை சூழ்ந்தது. வெள்ளம் வடிந்துபோகும், அது கொண்டுவந்த வண்டல் போகாது. தெருவும் வேலியும் வாசற்படியும் மெள்ள மெள்ள மண்ணுக்குள் அமிழ்ந்தன. ஜனங்கள் ஒவ்வொரு வீடாகக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள்.

பீவர் கிராமம் இருந்த இடத்தில் வண்டியை நிறுத்தினோம். இடுப்பளவு புல்லும், அதன் நடுவே நீர்ப்பறவைகள் மேயும் சதுப்பும் தவிர ஒன்றும் கண்ணுக்குத் தென்படவில்லை. சற்று உயரத்தில் சரிவின்மேல் கிராமத்தாரின் கல்லறைத் தோட்டம் மட்டும் இன்னும் இருக்கிறது. உயிரோடிருந்தவர்களின் வீடுகள் புதைந்துபோக, இறந்தவர்களின் கற்கள் மேலே நிற்கின்றன என்பதை நினைத்தபோது நெஞ்சு கனத்தது. நெடுநேரம் நாங்கள் இருவரும் பேசவில்லை.

அந்தப் பள்ளத்தாக்கு பிழைத்தெழுந்ததற்கு ரிச்சர்டு டோரர் என்பவர் முக்கிய காரணஸ்தர். மாநிலத்தின் வனவிலங்குத் துறையில் உத்தியோகம் பார்த்தவர் அவர். நோய் ஆற்றில் தெரிந்தாலும் அதன் வேர் சரிவில் இருக்கிறது என்று அவர் திடமாக நம்பினார். பாழான நிலங்களை அரசாங்கம் விலைக்கு வாங்கி, உழவை நிறுத்தி, மேய்ச்சலை நிறுத்தி, மரம் நட வேண்டும் என்று ஓயாமல் வாதாடினார். இன்று தென்கிழக்கு மின்னசோட்டாவின் குன்றுகளில் பரந்து கிடக்கும் அரசாங்கக் காட்டுக்கு அவருடைய பெயரே வழங்குகிறது. அந்தக் காட்டின் நடுவே செல்லும் கப்பிச் சாலையில் அன்று மாலை ஏறினோம். மரங்களெல்லாம் ஏறக்குறைய ஒரே பருமன். எழுபது எண்பது வயதுக்குமேல் இராது. வழியில் ஓடிய நீரூற்று ஒன்று, அடியிலுள்ள மணல் ஒவ்வொன்றாய்த் தெரியும்படி அவ்வளவு தெளிவாக இருந்தது. அதில் டிரவுட் மீன் ஒன்று நீரோட்டத்தை எதிர்த்து அசையாமல் நிற்பதைக் காட்டினான் என் மருமகன். குளிர்ந்த, கலங்காத நீரில்லாவிட்டால் அந்த மீன் ஒரு நாளும் உயிர் வாழாது. சேறு இறங்கி வந்த காலத்தில் அந்த ஊற்றில் அது இருந்திருக்க முடியாது.

இரண்டாம் நாள் தெற்கே ஃபில்மோர் கவுண்டிக்குள் பிரவேசித்தோம். கப்பிச் சாலையை நேசிக்கிறவர்களுக்கு இது ஒரு புண்ணிய க்ஷேத்திரம். சாலையில் கார்ச் சக்கரங்கள் ஓடி ஓடி இரண்டு தடங்கள் வெண்மையாக இறுகிக் கிடக்கும். நடுவிலும் ஓரங்களிலும் உதிரிக் கற்கள் குவிந்திருக்கும். தடத்தைப் பிடித்தவன் சுகமாகப் போவான். தடத்தை விட்டுக் குவியலில் ஏறியவனுடைய முன்சக்கரம் மாவில் புதைந்த விரல்போல் நின்றுவிடும். வளைவில் பிரேக்கை அழுத்தலாகாது, வளைவுக்கு முன்பே அழுத்தி முடித்துவிட வேண்டும் என்பதை எனக்கு அவன் பத்து முறையாவது சொல்லியிருப்பான். பண்ணை வீடுகளின் எதிரில் மட்டும் சாலை ஒரு நூறு கஜ தூரம் கறுத்து, ஈரமாகத் தோன்றும். வீட்டுக்குள் புழுதி போகாமலிருக்க உப்புக் கரைசலைத் தெளித்து வைத்திருக்கிறார்கள். எதிர்த்தாற்போல் மஞ்சள் நிற கிரேடர் யந்திரம் ஒன்று, தன் நீண்ட கத்தியைச் சாய்த்துச் சாலையைச் சுரண்டிக்கொண்டு வந்தது. ஓட்டுகிறவர் கையை உயர்த்தினார், நாங்களும் உயர்த்தினோம். அவர் கடந்து சென்ற அரை மைல் தூரம் சாலை புதிதாய்க் கொத்திய தோட்டம் போல் இளகிக் கிடந்ததால் இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம்.

பகல் பதினோரு மணிக்கு என் பின்சக்கரத்தை ஒரு கூர்ங்கல் விரற்கடை நீளம் கிழித்துவிட்டது. திரவத்தால் அடைக்கக்கூடிய ஓட்டையன்று அது. மருமகன் மண்டியிட்டு உட்கார்ந்து ரப்பர் நாடாவை ஊசியில் கோத்துக் கிழிசலுக்குள் செலுத்திக்கொண்டிருந்தான். நான் சாலையோரத்தில் உட்கார்ந்து, காலடியில் கிடந்த கற்களைப் புரட்டினேன். சாம்பலும் மஞ்சளும் கலந்த சுண்ணாம்புக் கல். ஒன்றைத் திருப்பியபோது, அதன் முகத்தில், நகத்தளவில், விசிறி மடிப்புகளோடு ஒரு சிப்பியின் உருவம் அச்சுக் குலையாமல் பதிந்திருப்பதைக் கண்டேன். அடுத்த கல்லிலும் ஒன்று. அதற்கடுத்ததில் குண்டூசித் தலைகளைக் கோத்தாற்போல் ஏதோ ஒரு கடற்பிராணியின் தண்டு.

“மாமா, இதெல்லாம் இந்தச் சாலையில் சர்வசாதாரணம். பக்கத்துக் குன்றை உடைத்துத்தானே கப்பி எடுக்கிறார்கள்?” என்றான் அவன், தலை நிமிராமலே.

எனக்கு அது சாதாரணமாகத் தோன்றவில்லை. சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இடம் வெதுவெதுப்பான, ஆழமில்லாத கடல். அதன் அடியில் வாழ்ந்து மடிந்த சிப்பிகளின் ஓடுகளும் சுண்ணச் சேறும் இறுகிப் பாறையாகி, பாறை மேடாகி, மேட்டை ஆறுகள் அரிந்து குன்றுகளாக்கி, குன்றை மனிதர்கள் உடைத்துச் சாலையில் இறைத்திருக்கிறார்கள். நாங்கள் காலையிலிருந்து ஓட்டி வந்தது கடலடியின்மேல். தார்ச்சாலை எந்த ஊரிலும் ஒரே மாதிரி இருக்கும். கப்பிச் சாலையோ அந்தந்த ஊரின் மலையே தரையில் இறங்கிப் படுத்தது போன்றது. இந்தப் பிரயாண முறையில் எனக்குண்டான பிரீதிக்கு இதுவே ஆதாரம்.

அந்தச் சுண்ணாம்புப் பாறை மழைநீரில் கரையும் சுபாவமுள்ளது. அதனால் ஃபில்மோர் கவுண்டியின் வயல்களில் ஆயிரக்கணக்கான குழிவுகள் திடீர் திடீரென்று விழுந்திருக்கின்றன. சோளக்கொல்லையின் நடுவே ஒரு தோப்பு வட்டமாய் நின்றால், அங்கே மரம் வளர்க்கப்பட்டிருக்கிறது என்று எண்ண வேண்டாம். ஏர் போக முடியாத குழிவு அங்கே இருக்கிறது என்று அர்த்தம். ரூட் ஆற்றின் தென்கிளையிலோ, தண்ணீரின் ஒரு பகுதி ‘மர்மக் குகை’ என்று பெயர் பெற்ற குகைப் பக்கத்தில் தரைக்குள் மறைந்து, அப்பால் ஊற்றாக வெளிப்படுகிறது. பன்னிரண்டு மைலுக்கு மேல் நீளும் அந்தக் குகை மின்னசோட்டாவிலேயே பெரியது. குகைக்குச் சமீபத்தில் ஃபாரஸ்ட்வில் என்ற பழைய கிராமம். 1868-இல் ரயில் பாதை வேறு வழியாகச் சென்றுவிட்டதால் வாடத் தொடங்கிய அந்த ஊரில், மீகன் குடும்பத்தாரின் மளிகைக் கடையை 1910-இல் இழுத்து மூடினார்கள். சரக்குகள் அலமாரிகளிலேயே தங்கிவிட்டன. இன்று அதை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ரயில் வராததால் செத்த ஊரைப் பார்த்துவிட்டு, ரயில் வந்து பின் அதுவும் செத்த பாதைகளின்மேல் அடுத்த நாட்களில் சைக்கிள் ஓட்டப்போகிறோம் என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை.

அன்றிரவு லேன்ஸ்பரோ என்னும் அழகிய சிற்றூரில், ஆற்றை ஒட்டிய ஒரு சத்திரத்தில் தங்கினோம். அங்கே தங்கியிருந்த நடுவயதுக்காரர் ஒருவர், இந்தப் பக்கத்தில் நடந்துவந்த ‘அல்மான்ஸோ’ ஓட்டத்தைப் பற்றி ஆர்வத்தோடு பேசினார். கப்பிச் சாலைப் பந்தயம் என்றாலே கான்ஸாஸ் மாநிலத்தில் 2006-இல் ஆரம்பமாகிய இருநூறு மைல் பந்தயத்தைத்தான் உலகம் அறியும். அதற்கு அடுத்த ஆண்டில் கிறிஸ் ஸ்கோகென் என்பவர் தொடங்கிய இந்த நூறு மைல் ஓட்டத்துக்கோ நுழைவுக் கட்டணமே இருந்ததில்லை. பெயரை ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்பினால் போதுமாயிருந்தது. பிற்காலத்தில் ஓட்டம் புறப்பட்ட ஸ்பிரிங் வேலி என்ற ஊரில் அல்மான்ஸோ வைல்டர் என்பவரின் குடும்பத்தார் முற்காலத்தில் வாழ்ந்திருந்தனர். அவர் பெயரே ஓட்டத்துக்கு ஆயிற்று. வழியில் உணவுப் பந்தலோ உதவி வண்டியோ இருந்ததில்லை. ஒவ்வொருவரும் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனாலும் பண்ணைக்காரர்கள் வாசலில் தண்ணீர்க் குடங்களோடு நிற்பதை ஒவ்வொரு ஆண்டும் பார்த்ததாக அவர் சொன்னபோது அவர் கண்கள் பனித்தன. நம் ஊர்ப் பாதயாத்திரைக்காரர்களுக்கு வழிநெடுக மோரும் பானகமும் வார்க்கும் வழக்கத்தை நான் எடுத்துச் சொன்னேன். அவர் அதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் முழுவதும் ரூட் ஆற்றின் வழியே கிழக்கு நோக்கிச் சென்று, மாலையில் லா கிராஸ் நகரத்தின் பாலங்களில் மிஸிஸிப்பியைக் கடந்தோம். அங்கே அது ஒரே ஆறாக இல்லை. தீவுகளும் கால்வாய்களும் தாமரைப் படுகைகளுமாக மைல் கணக்கில் பிரிந்து கிடக்கிறது. அதைப் பற்றி எழுத நினைத்தால் அதுவே தனிப் புத்தகமாகும். ஆகையால் கடந்து செல்கிறேன்.

விஸ்கான்சின் பக்கத்தில் பள்ளத்தாக்குக்குக் ‘கூலி’ என்று பெயர். நம் செவிக்கு உழைப்பின் சம்பளம் போல ஒலிக்கும் இந்தச் சொல், ‘ஓடுதல்’ என்று பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து, பழங்காலத்து மென்மயிர் வியாபாரிகளின் வாய்வழியே வந்து தங்கிவிட்டது. கூலியின் உள்ளே நுழைந்தவுடன் எங்களுக்கு ஓர் ஏமாற்றம் காத்திருந்தது. சின்னஞ்சிறு கிராமச் சாலைகூடத் தார் போட்டு வழவழப்பாக இருந்தது. கப்பி எங்கே என்று தேடினோம். பால்தான் காரணம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டோம். இங்கே ஒவ்வொரு குன்றின் மடியிலும் ஒரு பால்பண்ணை. கறந்த பால் மழையானாலும் பனியானாலும் குறித்த வேளையில் வெளியேறியாக வேண்டும். பால் வண்டி சேற்றில் சிக்கினால் ஒரு குடும்பத்தின் உழைப்பு சாக்கடைக்குப் போகும். எனவே இந்த மாநிலத்தார் வேறு எதற்கும் முன்னதாகச் சாலைக்குத் தார் போட்டார்கள். நியாயமான காரணம் என்று கேட்டவுடனே மனம் ஆறியது. ஆனாலும் காட்டுக்குள்ளும், குன்றின் முதுகுகளிலும், பழைய ரயில் பாதைகளிலும் எங்களுக்கு வேண்டிய கப்பி தாராளமாகக் கிடைத்தது.

நான்காம் நாள் நண்பகலில் கூன் வேலி என்னும் ஊருக்கு மேலேயுள்ள ஒரு முகட்டை ஏறி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். அதுபோன்ற காட்சியை நான் அதுவரை கண்டதில்லை. எதிர்ச்சரிவுகள் எல்லாவற்றிலும், குன்றின் உடல் வளைந்த வளைவுக்கு ஏற்றபடி, மஞ்சள் சோளம் ஒரு பட்டை, பச்சைக் குதிரைமசால் ஒரு பட்டை, அறுத்த ஓட்ஸ் தாள் ஒரு பட்டை என்று, புடவைக் கரையைப் பல சுற்றுச் சுற்றினாற்போல வயல்கள் கிடந்தன. ஒரு பட்டையாவது மேலிருந்து கீழாக இறங்கவில்லை. அதற்கு மேலே, உழமுடியாத செங்குத்து முழுவதும் காடு.

இது தற்செயலாக அமைந்த அழகன்று. 1933-ஆம் ஆண்டில் ஹியூ பென்னட் தலைமையில் மண் அரிப்புத் தடுப்புக்கென்று புதிதாக ஏற்பட்ட அரசாங்க இலாகா, ஓர் ஆற்றின் வடிநிலம் முழுவதையும் ஒருசேரச் சீர்திருத்திக் காட்டுவதற்காகத் தேசத்திலேயே முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த இடம் இந்தக் கூன் வேலி. அக்காலத்தில் இங்கேயும் பீவர் கிராமத்தின் கதைதான்: வாய்க்கால்கள் பிளந்து, ஓடைகள் தூர்ந்து, நார்வேயிலிருந்து வந்து குடியேறிய உழவர்கள் கடனில் மூழ்கியிருந்தார்கள். அரசாங்கம் உத்தரவிடவில்லை, ஒவ்வொரு விவசாயியோடும் தனித்தனியே உட்கார்ந்து உடன்படிக்கை எழுதிக்கொண்டது. சரிவுக்குக் குறுக்கே உழுவது, பட்டை பட்டையாகப் பயிரிடுவது, காட்டிலிருந்து மாட்டை விலக்கி வேலி போடுவது என்பவை உழவர் கடமை. விதையும் சுண்ணாம்பும் வேலிக் கம்பியும், வேலையற்ற வாலிபர்களைக் கொண்ட முகாமின் உடலுழைப்பும் சர்க்கார் கொடுப்பது. விஸ்கான்சின் சர்வகலாசாலையின் பேராசிரியர் ஆல்டோ லியோபோல்ட் இதற்கு ஆலோசகராக இருந்தார். பிற்காலத்தில், 1949-இல், அவர் காலமான மறு வருஷம் வெளிவந்த புத்தகம் அவரை உலகமறியச் செய்தது. பக்கத்து வயல் புல்தீயை அணைக்கச் சென்ற இடத்தில் மாரடைத்து இறந்தவர் அவர். நிலத்தைப் பற்றி எழுதியதோடு நில்லாமல் நிலத்தின்மேலேயே உயிர் விட்டவர் என்ற காரணத்தால் அவரிடம் எனக்கு விசேஷ பக்தி உண்டு.

முகட்டின்மேல் டிராக்டரை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். தம்முடைய பாட்டனார் அந்த உடன்படிக்கையில் கையெழுத்திடுவதற்கு முன் இரண்டு மாதம் யோசித்தாராம். “வளைத்து உழுவது சோம்பேறி வேலை என்று அந்த நாளில் எல்லோருக்கும் எண்ணம். ஏர்ச்சால் நேராக இருப்பதுதான் நல்ல உழவனுக்கு அடையாளம் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள்” என்றார். இதைக் கேட்டதும் என் உடல் சிலிர்த்தது. மண்ணைக் காப்பாற்றுவதற்கு அந்த மனிதர்கள் முதலில் கைவிட வேண்டியிருந்தது தங்கள் கௌரவத்தையே. அவர் பிறகு தெற்கே கையைக் காட்டி, 2018-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்துப் பெருமழையைப் பற்றிச் சொன்னார். ஓடைகளின் தலைப்பில் பின்னாளில் கட்டியிருந்த சிறு மண் அணைகளில், கூன் கிரீக் ஓடையின் பக்கத்தில் மூன்றும் கிக்கப்பூ ஆற்றின் பக்கத்தில் இரண்டுமாக ஐந்து, ஒரே இரவில் உடைந்து போயினவாம். “அணை உடைந்தது, ஆனால் என் பட்டைகளில் ஒன்றும் இறங்கவில்லை” என்றார். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை; கணக்குச் சொல்வது போலச் சொன்னார்.

பிறகு வந்த காஷ்டன் என்ற ஊரைச் சுற்றி அமிஷ் ஜனங்கள் வசிக்கிறார்கள். மின்சாரமும் மோட்டாரும் வேண்டாமென்று ஒதுக்கி, குதிரை கொண்டே உழுது வாழும் அவர்களுடைய சாலையோரங்களில் லாடத்தின் பிறைத்தடம் வரிசையாகப் பதிந்திருந்தது. ஒரு வீட்டு வாசலில் ரொட்டி விற்கும் பலகையைக் கண்டு நிறுத்தினோம். கறுப்பு ஆடையணிந்த அம்மாள் இன்னும் சூடு ஆறாத ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். அவர் பின்னால் ஒளிந்திருந்த சிறுமி, மெல்ல முன்னே வந்து, என் டயரின் முண்டுகளை ஒவ்வொன்றாக விரலால் எண்ணலானாள். பதினேழு வரையில் எண்ணியிருப்பாள்; அம்மாள் ஏதோ ஜெர்மன் வார்த்தை சொன்னதும் ஓடிவிட்டாள். அந்த ரொட்டியை நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்து வெறுமே தின்றோம். வெண்ணெயின் தேவையே இல்லை.

அடுத்து நாங்கள் கண்ட கிக்கப்பூ ஆற்றைப் போல் வளைந்து செல்லும் ஆறு வேறொன்று உண்டா என்பது சந்தேகம். ஆண்டேரியோ என்ற ஊரிலிருந்து லா ஃபார்ஜ் வரையில் சாலை ஒரு மைல் போனால் ஆறு இரண்டு மைல் போகிறது. இரு கரையிலும் நனைந்த மணற்பாறைச் சுவர்கள். அவற்றின் இடுக்கில் பெரணிகளும், குளிர்ந்த பாறை மூச்சை நம்பியே பிழைத்திருக்கும் அபூர்வச் செடிகளும். வெள்ளத்தைத் தடுக்க இந்த ஆற்றுக்கு ஓர் அணை வேண்டுமென்று 1962-இல் அமெரிக்கக் காங்கிரஸ் அனுமதி கொடுத்தது. சுமார் 140 குடும்பங்களின் நிலங்களை வாங்கி அவர்களை வெளியேற்றினார்கள். 1971-இல் வேலை ஆரம்பித்தது. செலவு ஏறியது, தேங்கும் நீர் கெட்டுவிடும் என்று ஆராய்ச்சியாளர் எச்சரித்தனர், செடிகளின் கதியைப் பற்றிக் கேள்வி பிறந்தது. 1975-இல் பாதியில் நிறுத்திவிட்டார்கள். வீட்டையும் தொழுவத்தையும் இழந்தவர்களுக்கு அணையும் இல்லை, ஏரியும் இல்லை.

காட்டு வழியே பழைய நெடுஞ்சாலையின் தடத்தில் சென்று அந்த இடத்தைப் பார்த்தோம். நூறு அடிக்கு மேல் உயர்ந்த கான்கிரீட் கோபுரம் ஒன்று, தடுக்க வேண்டிய தண்ணீர் எதுவுமின்றி, மரங்களின் மேலே தலையை நீட்டிக்கொண்டு தனியே நிற்கிறது. ஆறு அதன் பக்கத்திலேயே நிம்மதியாக வளைந்து போகிறது. இருபத்தைந்து வருஷங்கள் கேட்பாரற்றுக் கிடந்த 8,600 ஏக்கரையும் 2000-ஆம் ஆண்டில் மாநிலத்துக்கும், அந்த மண்ணின் ஆதிக்குடிகளான ஹோ-சங்க் மக்களுக்கும் ஒப்படைத்தார்கள். இருவரும் சேர்ந்தே இப்போது அதைக் காப்பாற்றி வருகிறார்கள். காடு தானே வளர்ந்து மூடியிருக்கிறது. எங்கள் பாதையோரத்தில் ஓரிடத்தில், வீடு இருந்த அடையாளமாக, லைலாக் செடி ஒன்றும் கல்படிகள் மூன்றும் மட்டும் இருந்தன. யாரோ ஒரு குடும்பத்தலைவி வாசலுக்கு அழகாக நட்ட செடி அது. வெளியேறினவர்களின் துயரத்தை இந்தக் காட்டின் அழகைக் கொண்டு ஈடுகட்ட எனக்கு மனம் வரவில்லை. டோரரும் கூன் வேலியின் உழவர்களும் அருகிலேயே வழிகாட்டியிருந்தும், சரிவைக் கேட்காமல் ஆற்றை மட்டும் அதட்டப் பார்த்தது தவறு என்றே இன்றும் எண்ணுகிறேன்.

கடைசி நாள் வில்டன் ஊரில் எல்ராய்–ஸ்பார்ட்டா பாதையில் ஏறினோம். 1873-இல் ரயில் ஓடத் தொடங்கிய இந்தப் பாதையில் 1964-இல் ஓட்டம் நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்து, அரைத்த சுண்ணாம்புக் கல்லைப் பரப்பி, 1967-இல் சைக்கிளுக்குத் திறந்துவிட்டார்கள். கைவிட்ட ரயில் பாதைகளைச் சைக்கிள் வழியாக்கும் வழக்கம் அமெரிக்காவில் இங்கேதான் உற்பத்தியாயிற்று. முப்பத்திரண்டு மைலில் மூன்று சுரங்கங்கள். ரயில் ஏறும் சரிவாகையால் ஏற்றம் தெரியவே தெரியாது. ஐந்து நாள் குன்றேறிய கால்களுக்கு ஒத்தடம் கொடுப்பது போலிருந்தது.

நார்வாக்கைத் தாண்டி மூன்றாவது சுரங்கத்தை அடைந்தோம். நீளம் 3,810 அடி. வாயில் இரு பெரிய மரக்கதவுகள். குளிர்காலத்தில் உள்ளே ஊறும் நீர் உறைந்து பாறையைப் பிளக்காமலிருக்க, ரயில் ஓடிய காலத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் கதவைத் திறந்து, போன பின் மூடுவதற்கென்றே ஒரு காவல்காரர் பக்கத்திலுள்ள சிறு குடிசையில் இருந்திருக்கிறார். உள்ளே சைக்கிள் ஓட்டலாகாது. இறங்கி, டார்ச் விளக்கைப் பற்றவைத்து, தள்ளிக்கொண்டு நடந்தோம். இருபதடி போவதற்குள் வெளிச்சமும் வெப்பமும் ஒருசேர அற்றுப்போயின. தலையிலும் தோளிலும் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. சுவரோரத்து வாய்க்காலில் அது சேர்ந்து ஓடும் சப்தம், எங்கள் சங்கிலியின் கிறீச்சொலி, காலடிக் கப்பியின் அரைப்பு, இவை தவிர வேறொன்றும் இல்லை. நடுவில் ஓரிடத்தில் முன்வாயிலும் தெரியவில்லை, பின்வாயிலும் தெரியவில்லை.

“மாமா, விளக்கை அணைத்துப் பார்க்கலாமா?” என்றான் மருமகன்.

அணைத்தோம். கையைக் கண்ணெதிரே வைத்தும் தெரியாத இருட்டு. மலை முழுவதும் தன் தண்ணீரை எங்கள் மேல் நிதானமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் சிறு பிள்ளையாக இருந்தபோது ஊரில் மின்சாரம் போகும் இரவுகளில் பற்றிக்கொள்வது போலவே, என் சட்டைக் கையைப் பற்றிக்கொண்டு நின்றான். சற்றுப் பொறுத்து விளக்கை ஏற்றினோம். மறுவாயில் முதலில் ஒரு அரிசியளவு ஒளியாய்த் தோன்றி, கால்மணி நேரத்தில் வாசலாய்ப் பெருகியது. வெளியே வந்ததும் கண் கூச, மேலெல்லாம் வெயில் பட, சட்டையைப் பிழிந்து உதறிக் கைப்பிடியில் தொங்கவிட்டு, ஸ்பார்ட்டா வரையிலும் இறக்கமாகவே இருந்த அந்த வெள்ளைப் பாதையில் மிதிக்காமலே உருண்டு போனோம்.